பிள்ளைக்கு எந்தப் போன்?

டியூஷனுக்குப் போன பிள்ளை வீடு திரும்ப நேரம் ஆகிறது. தாய் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடக்கிறாள். "பிள்ளை கையில் ஒரு போன் இருந்தால் இந்தத் தவிப்பு இல்லையே!" என்று நினைக்கிறாள்.

நினைப்பு சரிதான். ஆனால் எந்தப் போன்?

ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தால், காரியம் பேச்சோடு நிற்காது. விளையாட்டு வரும். வீடியோ வரும். முன்பின் தெரியாத ஆட்களின் பேச்சும் வரும். "பேசினால் போதும்" என்பவர்களுக்கு ஏற்றது, பட்டன் போன்தான்.

அன்றைய போன்

2003-ம் ஆண்டில் 'நோக்கியா 1100' என்ற போன் வந்தது. பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், இருட்டில் டார்ச் அடிக்கலாம். பொழுதுபோக்குக்குப் பாம்பு விளையாட்டு உண்டு. இன்டர்நெட் கிடையாது. அந்தப் போன், உலகம் முழுவதும் 25 கோடி வரை விற்றது!

பட்டன் போன் என்றால், பலருக்கு இன்றும் அந்தப் போன்தான் நினைவுக்கு வருகிறது. ஏமாறுவதும் அங்கேதான்.

உள்ளே என்ன?

இப்போது விற்கும் பட்டன் போன்கள் சிலவற்றில் இன்டர்நெட் இருக்கிறது. யூடியூப் கூட ஓடுகிறது. வெளியே பட்டன், உள்ளே சினிமாக் கொட்டகை!

எனவே விலையைக் கேட்பதற்கு முன், "இதில் இன்டர்நெட் உண்டா? வைஃபை உண்டா?" என்று கேளுங்கள். கடையிலேயே போனைத் திறந்து, என்னென்ன இருக்கிறது என்று பார்த்து விடுங்கள்.

சிம் கார்டு

விலை குறைந்த பட்டன் போன்கள் பல, '2ஜி' போன்கள். ஜியோவில் 2ஜி கிடையாது. அந்தப் போனில் ஜியோ சிம்மைப் போட்டால் பேச முடியாது. ஜியோ சிம் என்றால், 4ஜி பட்டன் போன்தான் வாங்க வேண்டும்.

18 வயது நிரம்பாதவர் பெயரில் சிம் கார்டு தரமாட்டார்கள். பெற்றோர் பெயரில்தான் வாங்க வேண்டும்.

'டேட்டா' இல்லாமல், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் தரவேண்டும் என்று 2024 டிசம்பரில் 'டிராய்' உத்தரவிட்டது. கம்பெனிகளும் அதன்படி ரீசார்ஜ் திட்டங்களைக் கொண்டு வந்தன. பிள்ளையின் போனுக்கு அதுவே போதும்.

வாங்கிய பிறகு...

* பல போன்களில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தாலே, குறித்து வைத்த நம்பருக்குப் போகும். 2-ல் அம்மா, 3-ல் அப்பா என்று வைத்துக் கொடுங்கள்.

* ஆபத்துக்கு 112. குழந்தைகள் உதவிக்கு 1098. இரண்டையும் சொல்லிக் கொடுங்கள்.

* *#06# என்று அழுத்தினால் 15 இலக்க எண் வரும். அதை எழுதி வையுங்கள். போன் திருட்டுப் போனால், புகார் கொடுக்க உதவும்.

* பல பள்ளிக்கூடங்களில் போனுக்கு அனுமதி இல்லை. முதலில் ஆசிரியரைக் கேளுங்கள்.

மனப்பாடம்

போன் தொலைந்து போகலாம். சார்ஜ் தீர்ந்து போகலாம். அப்போது யாரிடமாவது போன் கேட்டு வாங்கிப் பேசுவதற்கு, நம்பர் தெரிய வேண்டும் அல்லவா?

அம்மா நம்பரும் அப்பா நம்பரும் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரியட்டும். இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்!