ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து சீழ்... தடுக்க உதவும் பிளாஸ்மா பெட்டி!

பித்தப்பையில் கல். வயிற்றில் மூன்று, நான்கு சின்னத் துளைகள் போட்டு, லேப்ராஸ்கோபி மூலம் எடுத்துவிடுகிறார்கள். ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்தாயிற்று. தையல் பிரித்து, தழும்பும் ஆறிவிட்டது. மூன்று, நான்கு வாரம் கழித்து அந்தத் தழும்பில் பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு தட்டுப்படுகிறது. பிறகு அதிலிருந்து நீர் கசிகிறது. சீழ் வைக்கிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அடங்குவதுபோல் அடங்கி, மறுபடியும் தலைகாட்டுகிறது.

இது இந்திய மருத்துவ இதழ்களில் பல வருடங்களாகப் பதிவாகிவரும் பிரச்னை. காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தங்களான சில மைகோபாக்டீரியாக்கள்தான் பெரும்பாலும் காரணம். இவை குழாய்த் தண்ணீரிலேயே வாழக்கூடியவை. ஆபரேஷன் செய்தவரின் கைத்திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முந்தைய நோயாளிக்குப் பயன்படுத்திய கருவி, அடுத்த நோயாளிக்கு வருவதற்குள் எப்படிச் சுத்தமானது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வேகவைக்க முடியாத கருவிகள்

கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி போன்ற எஃகுக் கருவிகள் பிரச்னையே இல்லை. ஆட்டோகிளேவில் வைத்துவிடலாம். 1879-ல் பிரான்ஸில் லூயி பாஸ்டரின் சகாவான சார்லஸ் ஷாம்பர்லாண்ட் உருவாக்கிய இந்தப் பெட்டி, அடிப்படையில் நம் வீட்டு பிரஷர் குக்கர்தான். அழுத்தத்தில் அடைபட்ட நீராவி, 121 டிகிரி செல்சியஸில் கிருமிகளையும், எளிதில் சாகாத 'ஸ்போர்' எனும் உறங்குநிலை வித்துகளையும் கொன்றுவிடும். மலிவானது, நம்பகமானது. இன்றும் இதுதான் முதல் தேர்வு.

ஆனால் கேமரா, ஒளியிழை கேபிள், பிளாஸ்டிக் பாகங்கள், பேட்டரி வைத்த கருவிகள் எல்லாமே இந்தச் சூட்டைத் தாங்குவதில்லை. லென்ஸை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். உள்ளே ஈரம் புகுந்து படம் மங்கும். ஆட்டோகிளேவ் தாங்கும் டெலஸ்கோப்புகளும் இப்போது வந்துவிட்டன என்றாலும், எல்லா மருத்துவமனைகளிலும் எல்லாக் கருவிகளும் அப்படியில்லை.

அதனால் என்ன செய்தார்கள்? குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனக் கரைசலில் ஊறப்போட்டார்கள். இதில் ஸ்போர்கள்வரை சாக வேண்டுமென்றால் சுமார் 10 மணி நேரம் ஊற வேண்டும். 20 நிமிடம் ஊறினால் பெரும்பாலான கிருமிகள் போகும், ஸ்போர்கள் போகாது. ஒரே ஒரு லேப்ராஸ்கோபி செட்டை வைத்துக்கொண்டு ஒரு நாளில் ஐந்து ஆபரேஷன் செய்யும் சிறிய மருத்துவமனையில் எது நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 20 நிமிட ஊறலுக்குப் பிறகு ரசாயனத்தைக் கழுவ வேண்டுமே... அந்தத் தண்ணீர் சுத்தமானதாக இல்லையென்றால், கொன்ற கிருமிகளுக்குப் பதிலாகப் புதியவை வந்து ஒட்டிக்கொள்ளும்.

எத்திலீன் ஆக்ஸைடு வாயு இன்னொரு வழி. குறைந்த சூட்டில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது எளிதில் தீப்பற்றக்கூடியது. புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உறுதிசெய்யப்பட்டதும்கூட. கருவியில் தங்கிய வாயு வெளியேறவே பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். காலையில் பயன்படுத்திய டெலஸ்கோப் மதியத்துக்குக் கிடைக்காது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

இந்த இடைவெளியை நிரப்பத்தான் பிளாஸ்மா ஸ்டெரிலைசர் வந்தது. 1990-களில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுப் பரவலானது. பிளாஸ்மா என்றதும் ரத்தம் நினைவுக்கு வரலாம். ரத்தத்துக்கும் இதற்கும் உறவு பெயரளவில்தான். வாயுவுக்கு மின்சக்தி கொடுத்தால், அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து மின்னேற்றம் பெற்ற ஒரு நிலை உருவாகும். மின்னலிலும், எரியும் டியூப்லைட்டுக்குள்ளும் இருப்பது அதுதான். 1928-ல் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் அதற்கு இந்தப் பெயரை வைத்தார்.

கருவிகளை வைத்துக் கதவை மூடியதும், பெட்டிக்குள் இருக்கும் காற்று முழுக்க உறிஞ்சப்படுகிறது. பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியாக உள்ளே செலுத்தப்படுகிறது. மருந்துக் கடையில் வாங்கி, புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே திரவம்தான். ஆனால் இங்கே பயன்படுவது பல மடங்கு வீரியமானது; சுமார் 59 சதவிகிதம். ஆவி மூலைமுடுக்கெல்லாம் பரவியதும் ரேடியோ அலைவரிசை மின்சக்தி பாய்ச்சப்படுகிறது. ஆவி பிளாஸ்மாவாக மாறி, அதிலுள்ள மூலக்கூறுகள் உடைகின்றன. கிருமிகளைக் கொல்வதில் பெரும்பங்கு பெராக்சைடு ஆவியுடையது. பிளாஸ்மாவின் முக்கியமான வேலை, மிச்சமிருக்கும் பெராக்சைடை உடைத்து, தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் மாற்றுவது. பெயர் வாங்கியது என்னவோ பிளாஸ்மாதான்!

வெப்பநிலை சுமார் 50 டிகிரி. மாடலைப் பொறுத்து அரை மணியிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வெளியே எடுத்த உடனேயே கருவியை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பலாம்.

ஈரம் இருந்தால் வேலைக்கு ஆகாது

ஆனால், அழுக்குக் கருவியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சுத்தமாகி வரும் மாயப்பெட்டி அல்ல இது. உலர்ந்த ரத்தமோ, சதைத் துணுக்கோ ஒட்டியிருந்தால் அதற்கடியில் இருக்கும் கிருமியை ஆவி தொடவே தொடாது. எனவே மருத்துவமனைகளில் 'சி.எஸ்.எஸ்.டி' என்று அழைக்கப்படும் பிரிவில், ஊழியர்கள் ஒவ்வொரு கருவியையும் கழற்றி, குழாய்க்குள் பிரஷ் விட்டுத் தேய்த்து, அலசி, துளி ஈரமில்லாமல் உலர்த்துகிறார்கள். ஈரம் மிச்சமிருந்தால் உள்ளே வெற்றிடம் உருவாகாமல் இயந்திரம் பாதியிலேயே நின்றுவிடும். அவசரப்பட்டவர்களுக்கு அது கொடுக்கும் தண்டனை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது. நோயாளி இந்த ஊழியர்களின் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

காகிதம், பருத்தித்துணி, பஞ்சு எதுவும் உள்ளே போகக் கூடாது. அவை பெராக்சைடை உறிஞ்சிவிடும். அதனால்தான் கருவிகளைக் காகித உறையில் அல்லாமல் செயற்கை இழை உறைகளில் வைக்கிறார்கள். திரவங்களுக்கும் பவுடர்களுக்கும் அனுமதி இல்லை. நீளமும் மெல்லிய உட்குழாயும் கொண்ட, குடலுக்குள் செலுத்தும் எண்டோஸ்கோப்புகளும் பெரும்பாலும் இதில் வைக்கப்படுவதில்லை. இயந்திரத்தின் விலையும், ஒவ்வொரு முறையும் செலவாகும் பெராக்சைடு கேசட்டின் விலையும் அதிகம் என்பதால், சிறிய மருத்துவமனைகள் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. அதற்காக 20 நிமிட ஊறலே போதும் என்று இருந்துவிடுவதை ஏற்க முடியாது.

வேலை சரியாக நடந்ததா என்று எப்படித் தெரியும்? உறையில் நிறம் மாறும் பட்டை ஒன்று இருக்கும். பெராக்சைடு ஆவி பட்டது என்பதை மட்டுமே அது சொல்லும். கிருமி செத்ததா என்பதற்குத் தனிச் சோதனை உண்டு. உயிருள்ள ஸ்போர்கள் அடங்கிய சின்னக் குப்பியைக் கருவிகளோடு சேர்த்து உள்ளே வைத்து, பிறகு அதில் ஏதாவது வளர்கிறதா என்று பார்க்கிறார்கள். எதுவும் வளரவில்லையென்றால் தேர்ச்சி.

லேப்ராஸ்கோபிக்குத் தயாராகிறவர்கள், "கருவிகளை ஸ்டெரிலைஸ் செய்கிறீர்களா, ஊறப்போடுகிறீர்களா?" என்று டாக்டரிடம் கேட்கலாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள் கழித்துத் தழும்பில் முடிச்சோ, கசிவோ தெரிந்தால், நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடாமல், ஆபரேஷன் செய்த மருத்துவரிடமே போங்கள். இரண்டு நாளில் வரும் சாதாரண கல்ச்சர் ரிப்போர்ட்டில் இந்தக் கிருமி சிக்காமல் போகலாம். மைகோபாக்டீரியாவுக்கான தனி கல்ச்சர் தேவையா என்று கேளுங்கள். அது வளரச் சில நாள்களாவது ஆகும். உறுதியானால், அதற்கென்றே உள்ள மருந்துகளை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும். சிலருக்கு அந்த இடத்தை மறுபடி திறந்து சுத்தம் செய்வதும் உண்டு.