உப்புக்காத்துல எந்த கார் தாங்கும்?

"அம்பாசிடர் தகடு கெட்டிப்பா, இப்போ வர்றதெல்லாம் தகர டப்பா." வீட்ல யாராவது இப்படிச் சொல்லிக் கேட்டிருப்பீங்க. தகடு கெட்டி என்பது உண்மைதான். ஆனால் மரக்காணம் உப்பளம் பக்கம் அது மட்டும் போதாது.

காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும். ஈசிஆர் ஓரத்தில் பல இரவுகள் அப்படித்தான். மழையே வேண்டாம், கார்ல படிந்த உப்பே எலக்ட்ரோலைட் ஆகிடும். (ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி ஞாபகம் இருக்கா?) 1956 மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 வழியில் வந்த பழைய அம்பாசிடருக்குப் பெயின்ட்தான் கவசம். அது உரிஞ்ச இடத்தில் துரு உள்ளே போயிடும். கெட்டித் தகடு ஓட்டையாக கொஞ்சம் கூடுதல் நாள் ஆகும், அவ்ளோதான்.

இன்றைய காரின் பாடியை முழுசா பிரைமர் தொட்டியில் முக்கி கரன்ட் பாய்ச்சுறாங்க. மூலை முடுக்கெல்லாம் பூச்சு ஏறும். பல மாடல்களில் தகட்டின் மேல் துத்தநாகமும் உண்டு. கீறல் விழுந்தாலும் இரும்புக்கு முன்னாடி துத்தநாகம்தான் அரிக்கும்.

புது காருக்கு வலிக்கிற இடம் வேற: சென்சார் கனெக்டர். பெட்ரோல் அம்பாசிடர்ல டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் அரிச்சுப்போனா, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா வண்டி கிளம்பிடும் (பேரைக் கவனிங்க!). புதுசுல கனெக்டர் பின் அரிச்சா, எதுன்னு கண்டுபிடிக்கவே ஸ்கேனர் வேணும்.

கடலோரத்துல செகண்ட் ஹேண்ட் வாங்கப் போனா கதவைத் தட்டிப் பார்க்காதீங்க. கார்ப்பெட்டைத் தூக்கி, ஃப்ளோரைப் பாருங்க.