திரும்பும் வழியைப் பாருங்கள்

புதுப் பம்ப் போட்ட பிறகு வண்டியில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, பிளக்குகள் கறுக்கின்றன, பிரஷர் கேஜின் முள் நிற்கவேண்டிய இடத்துக்கு மேலே நிற்கிறது என்றால், எல்லோரும் பம்பைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் பம்ப் நிரபராதி. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

பேச்சுக்கு ஒரு காரை எடுத்துக்கொள்ளலாம். மிட்சுபிஷியும் கிறைஸ்லரும் 1985-இல் கூட்டாகத் தொடங்கிய டைமண்ட்-ஸ்டார் மோட்டார்ஸ், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில் எக்லிப்ஸ் காரைத் தயாரித்தது. அதில் 1995 முதல் 1999 மாடல் வரை வந்த இரண்டாம் தலைமுறை டர்போ வண்டி, 4ஜி63 என்ற இரண்டு லிட்டர் என்ஜினோடு வந்தது. வண்டியை மாற்றியமைத்து வேகம் கூட்டுபவர்களுக்கு அது செல்லப்பிள்ளை. சக்தி கூட வேண்டுமானால் பெட்ரோலும் கூட வேண்டும். ஆகவே தொட்டிக்குள் இருந்த பழைய பம்பை எடுத்துவிட்டு, மணிக்கு 255 லிட்டர் தள்ளும் வால்ப்ரோ பம்பைப் போடுவார்கள். பலர் பேட்டரியிலிருந்து நேராகக் கனமான ஒயர் இழுத்து, ரிலே வைத்து, பம்புக்கு முழு வோல்ட்டேஜும் கிடைக்கச் செய்வார்கள். பம்ப் இன்னும் வேகமாகச் சுற்றும்.

பிரஷரைத் தீர்மானிப்பது பம்பின் வேலையே இல்லை. அது தன்னால் முடிந்ததைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இன்ஜெக்டர்கள் எடுத்தது போக மிச்சத்தை ரிட்டர்ன் குழாய் வழியே தொட்டிக்கு அனுப்பி, பிரஷரைப் பிடித்து வைப்பது ரெகுலேட்டர். ஐடிலில் நிற்கும் இரண்டு லிட்டர் என்ஜின் மணிக்கு ஒன்றிரண்டு லிட்டர்தான் குடிக்கும். மற்ற அத்தனையும் ரெகுலேட்டரின் சின்னத் துளை வழியாகத் திரும்பியாக வேண்டும். ஏரிக்கு வரும் வெள்ளம் கலிங்கின் கொள்ளளவை மீறினால், கலிங்கு நிறைந்து வழிந்தாலும் நீர்மட்டம் ஏறத்தானே செய்யும்? பழைய பம்புக்கு அளவெடுத்துச் செய்த ரெகுலேட்டர் புதுப் பம்பிடம் தோற்பது அப்படித்தான். அதனால்தான் சும்மா நிற்கும்போது பிரஷர் எகிறுகிறது; ஆக்சிலேட்டரை மிதித்தால் சரியாகிவிடுகிறது. இந்த ஒரு அடையாளமே பாதி நோயைச் சொல்லிவிடும்.

எண்களைப் பார்ப்போம். ரெகுலேட்டரின் தலையிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு ஒரு மெல்லிய வாக்குவம் ஹோஸ் போகும். அதைக் கழற்றினால் இந்த எக்லிப்ஸில் சுமார் 43 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும், மாட்டியிருந்தால் ஐடிலில் சுமார் 33. மேனிஃபோல்டின் உறிஞ்சல் 10 பி.எஸ்.ஐ. அளவுக்கு இருப்பதால், இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் 43 ஆகவே நிற்கும். 33 இருக்கவேண்டிய இடத்தில் 45 காட்டினால் அந்த வித்தியாசம் 55. பாயும் அளவு பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், சுமார் 13 சதவீதம் கூடுதல் பெட்ரோல் உள்ளே போகிறது.

13 சதவீதம்தானே, கம்ப்யூட்டரில் குறைத்துவிடலாம் என்று சிலர் டியூனிங்கில் கை வைப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். டர்போ முழு மூச்சில் ஊதும்போது இன்ஜெக்டர்கள் நிறையக் குடிக்கும், திரும்பும் பெட்ரோல் குறையும், பிரஷர் இருக்கவேண்டிய இடத்துக்கு வந்துவிடும். எல்லா வேகத்துக்குமாகக் குறைத்து வைத்த கணக்கு அப்போது பெட்ரோல் பற்றாக்குறையாக மாறும். பூஸ்ட்டில் பற்றாக்குறை என்றால் நாக்கிங், அதைத் தொடர்ந்து பிஸ்டன் உடைவது. கறுத்த பிளக்கைத் துடைத்துக்கொள்ளலாம். உடைந்த பிஸ்டனை என்ன செய்வது?

இனிச் சோதனை. முதலில் கேஜையே சந்தேகியுங்கள். பிரஷர் இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கிறதா, இன்னொரு கேஜும் அதையே சொல்கிறதா பாருங்கள். பிறகு வாக்குவம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. வேறு எதையும் தேட வேண்டாம். ஹோஸ் எங்காவது வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். உறிஞ்சல் போய்ச் சேராவிட்டால் ஐடிலிலேயே 43 காட்டும்.

இவை சரியென்றால், ரெகுலேட்டரா ரிட்டர்ன் குழாயா என்று பிரித்தறிய வேண்டும். என்ஜினை ஓட்டாமல் பம்பை மட்டும் ஓட்டி, கையால் இழுக்கும் வாக்குவம் பம்பை ரெகுலேட்டரில் மாட்டி, பாதரச அளவில் 20 அங்குலம் (அதே சுமார் 10 பி.எஸ்.ஐ. உறிஞ்சல்) இழுங்கள். முள் 33-க்கு இறங்கினால் ரெகுலேட்டருக்கும் குழாய்க்கும் குறையில்லை. 45-லேயே அசையாமல் நின்றால், பம்பை நிறுத்தி, பிரஷரை வெளியேற்றிவிட்டு, ரெகுலேட்டரிலிருந்து போகும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் வேறொரு ஹோஸைப் போட்டு பெட்ரோல் கேனுக்குள் விடுங்கள். மறுபடி பம்பை ஓட்டி, அதே 20 அங்குலம் இழுங்கள். இப்போது 33-க்கு வந்தால், தொட்டிக்குப் போகும் குழாய் எங்கோ நசுங்கியோ அடைத்தோ இருக்கிறது, அல்லது இந்தப் பம்புக்கு ஒல்லி. கேனுக்குள் விட்டும் இறங்கவில்லையென்றால் குற்றவாளி ரெகுலேட்டர்தான்.

இதைத் திறந்த வெளியில், என்ஜின் ஆறிய பிறகு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். 255 லிட்டர் பம்ப் நிமிடத்துக்கு 4 லிட்டர் துப்பும். பத்து விநாடிக்கு மேல் ஓட்டத் தேவையில்லை.

ரெகுலேட்டர்தான் என்று தெரிந்தால் அகலமான துளையுள்ள, திருகி அளவு மாற்றக்கூடிய ஒன்றைப் போடுங்கள். பழையதன் துளையை டிரில்லால் பெரிதாக்கும் வேலை வேண்டாம். புதியதிலும் திருகைத் தளர்த்தத் தளர்த்த முள் அசையாவிட்டால், திருகை விட்டுவிட்டு ரிட்டர்ன் குழாயைப் பெரிதாக்குங்கள். ஹோஸ் கழற்றிய நிலையில் 43, மாட்டிய ஐடிலில் 33 என்று இரண்டும் வந்த பிறகு, முந்தைய டியூனிங் தப்பான பிரஷரில் செய்தது என்பதால் அதையும் புதிதாகச் செய்தாக வேண்டும். அது முடியும்வரை பூஸ்ட்டில் ஓட்டாதீர்கள்.