கைக்குத் தெரியும், கடிதத்துக்குத் தெரியாது

மஞ்சோங் அனல்மின் நிலையத்தில் ஷட்டவுன், அதாவது பராமரிப்புக்கான நிறுத்தம் என்றால் லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் பக்கமெல்லாம் நல்ல வெல்டர்களுக்குக் கிராக்கிதான். கொதிகலன் குழாய்களுக்கு இடையே கை நுழையும், கண் நுழையாது. சின்னக் கண்ணாடி ஒன்றை மாட்டி, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே பற்றவைக்க வேண்டும். முடிந்ததும் எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே கடுகளவு துளை தெரிந்தாலும் வெட்டியெடுத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து.

இப்படிப் பத்து வருடம் வேலை செய்த ஒருவர் ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைக் கூட்டிப்போன காண்ட்ராக்டர் கொடுத்த கடிதத்தில் ‘பெக்கர்ஜா அம்’, அதாவது பொதுத் தொழிலாளி என்று இருக்கிறது. விஷயம் அங்கேயே நின்றுவிடும்.

பதவிப் பெயரைப் பெரிதாக மாற்றி எழுதி வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் உதவாது. விசா அதிகாரி பார்ப்பது அன்றாடம் செய்த வேலையை. ஆஸ்திரேலியாவின் தொழில் வகைப்பாட்டில் முதல் வகுப்பு வெல்டருக்கு 322313 என்று ஓர் எண் உண்டு. அந்தப் பிரிவில் என்னென்ன வேலை அடங்கும், எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. முறையான படிப்புக்கு ஈடாகக் குறைந்தது மூன்று வருட அனுபவத்தை ஏற்கலாம் என்றும் அதில் ஒரு வாசல் இருக்கிறது. ஆனால் அனுபவத்தைத் தாளில் காட்ட வேண்டும்.

பிரிட்டன் இன்னும் நுணுக்கம். 2024இல் அந்நாடு வெளியிட்ட குடிவரவுச் சம்பளப் பட்டியலில் வெல்டிங் இருந்தது. ஆனால் எல்லா வெல்டருக்கும் இடமில்லை. உயர் தரக் குழாய் இணைப்பு வேலை, அதுவும் மூன்று வருட அனுபவம் தேவைப்படும் வேலை என்றால் மட்டும். 2025 ஜூலையில் பொதுத் தகுதியையே பட்டப்படிப்பு அளவுக்கு உயர்த்திவிட்டார்கள். விதிவிலக்குப் பட்டியலில் இல்லாத கைத்தொழிலுக்குக் கதவு கிட்டத்தட்ட அடைபட்டது.

தேர்ச்சி உள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்கும் இந்தக் கோடு இன்று போட்டதல்ல. 1922ஆம் ஆண்டின் இந்தியப் புலம்பெயர்வுச் சட்டமே ‘தேர்ச்சி பெற்ற வேலை’, ‘தேர்ச்சியற்ற வேலை’ என்று ஆட்களைப் பிரித்தது. விவசாய வேலை இரண்டாவது கணக்கில் போனது. அந்தக் கணக்கில்தான் நம் தாத்தா பாட்டிகள் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை ஏறினார்கள். பால்மரம் சீவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரே அளவாகச் சீவிய கைக்குச் சட்டம் வைத்த பெயர் தேர்ச்சியற்றது! பேரன் கையில் இருக்கும் கடிதத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஞாபகம் வராமல் இல்லை.

சரி, தாளில் காட்டுவது எப்படி? மலேசியாவில் பி.பி.டி. என்று ஒரு வழி இருக்கிறது. முன் அனுபவத்துக்கான அங்கீகாரம். பயிற்சி நிலையத்துக்குப் போகாமலே, செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டில் தேறினால், திறன் மேம்பாட்டுத் துறையின் எஸ்.கே.எம்., அதாவது மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கும். நம் பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது சந்தேகம்தான்.

அந்தக் கோப்பில் சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, வெல்டிங் தேர்வுத் தாள்கள் எல்லாம் சேர வேண்டும். கவனிக்க வேண்டியது நிறுவனத்தின் பெயர். லூமுட் கப்பல் பட்டறையையே எடுத்துக்கொள்ளுங்கள். பௌஸ்டெட் நேவல் ஷிப்யார்டாக இருந்தது இப்போது லூமுட் நேவல் ஷிப்யார்டு. சேமநிதியில் ஒரு பெயர், கடிதத்தில் இன்னொரு பெயர் என்றால் தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அவை இரண்டு கம்பெனிகள். விளக்கம் ஒன்றை இணைத்துவிடுவது நல்லது.

இன்னொரு சங்கடம். வெல்டர் தகுதிச் சான்றுக்கு உயிர் ஆறு மாதம். சான்று பெற்ற வெல்டிங் முறையில் ஆறு மாதம் பற்றவைக்காமல் இருந்தால், அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி அது காலாவதி. அதே லூமுட் பட்டறையைப் பாருங்கள். 2011இல் ஆறு போர்க்கப்பல்கள் கட்டும் 900 கோடி ரிங்கிட் வேலையை அதற்குக் கொடுத்தார்கள். முதல் கப்பல் 2019இல் வந்திருக்க வேண்டும். 2022இல் நாடாளுமன்றக் கணக்குக் குழு விசாரித்தபோது ஒன்றுகூட ஒப்படைக்கப்படவில்லை. இப்படி வேலை தேங்கும் ஊரில் வெல்டருக்குச் சம்பளத்தோடு சான்றும் போகும்.

சில ஏஜெண்டுகள் வகைப்பாட்டில் இருக்கும் வரிகளை அப்படியே நகலெடுத்துக் கடிதம் தயாரித்துக் கொடுக்கிறார்கள். மதிப்பீட்டாளர் அதே வரிகளை நூறு கோப்புகளில் பார்த்தவர். அதைவிட, எந்தக் குழாய், எந்த உலோகம், எந்த நிலையில் பற்றவைத்தது, யார் சோதித்தது என்று நாலு வரி சொந்தமாக எழுதி, போர்மேனிடம் கையெழுத்து வாங்கினால் அதற்கு எடை அதிகம். ஷட்டவுன் முடிவதற்குள் வாங்கிவிட வேண்டும். முடிந்த மறுநாள் அவர் கெர்த்தேயில் இருப்பாரோ ஜோகூரில் இருப்பாரோ.