சுவரிலிருந்து தரைக்கு

சென்ற பொங்கல் விழா முடிந்து நம் சங்க மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரே நடையில் ஆறு நாற்காலிகளை நான் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த ஓர் இளைஞர், "அங்கிள், எந்த ஜிம்முக்குப் போறீங்க?" என்று கேட்டுவிட்டார். அறுபதைத் தொட்டுவிட்டவனுக்கு இதைவிடப் பாராட்டு வேறென்ன வேண்டும்? "எங்க வீட்டுச் சுவர்தான் ஜிம்" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவர் நகர்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற மலர்க்குழு அன்பர் விடவில்லை. "அதையே எழுதிக் கொடுங்கள்" என்று பிடித்துக்கொண்டார்.

நான் மருத்துவனும் அல்ல, பயில்வானும் அல்ல. கட்கியில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் உட்கார்ந்தே காலம் தள்ளியவன். ஆகவே இதில் இருப்பது பெரும்பாலும் பட்டறிவு. கொஞ்சம் படித்தறிந்ததும் உண்டு.

2016 ஜூன் மாதம், குடியாத்தத்திலிருந்து எங்களோடு வந்து தங்கியிருந்த என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை நன்றாகவே நடந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் அவரை யாராவது தாங்கி மாற்ற வேண்டும். பகலில் ஆயா இருந்தார். இரவில் நானும் என் மனைவியும்தான். மனைவிக்கு முதுகுவலி. ஆகவே நான் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் இரவு அம்மாவைத் தூக்கும்போது என் முழங்கால் மடிந்துவிட்டது. இருவருமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டோம். தெய்வாதீனமாக அவருக்கு அடி இல்லை. ஆனால் அங்கிருந்து அவரை மீண்டும் எழுப்ப என்னால் முடியவில்லை. அம்மாவின் எடை 41 கிலோ. அரை மணி நேரம் தரையிலேயே இருந்தோம். கடைசியில் கீழ்வீட்டு மராட்டியரையும் அவர் மகனையும் எழுப்பி அழைத்து வந்தோம். அந்தப் பையன் அம்மாவைப் பூக்கூடையைத் தூக்குவதுபோல் தூக்கிக் கட்டிலில் வைத்தான். அவர்கள் போன பிறகு அம்மா, "ஏண்டா, மூணு வேளையும் சோறுதானே திங்கறே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது எனக்கு வயது 51, உயரம் 165 சென்டிமீட்டர், எடை 71 கிலோ. பார்ப்பவர்கள் யாரும் என்னைக் குண்டன் என்று சொல்லமாட்டார்கள். கை கால் குச்சி, வயிறு மட்டும் சிறு பானை. நம்மவர்களில் பாதிப்பேரின் வடிவம் இதுதானே! இதைப் பற்றி நம் புனே நகரிலேயே ஓர் ஆராய்ச்சி உண்டு. இங்குள்ள கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் 2004இல் லான்செட் இதழில், இங்கிலாந்து மருத்துவர் ஒருவரோடு தாம் நிற்கும் படத்தையே வெளியிட்டார். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பு, அவருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2. அதாவது எடை பார்க்கும் இயந்திரம் நம் விஷயத்தில் பொய் சொல்லும். நம்மிடம் தசை குறைவு, கொழுப்பு அதிகம். சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை உள்வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு சிறியதானால் சரக்கு தெருவில்தான் கிடக்கும். நடு வயதுக்குப் பின் பயன்படுத்தாத தசை ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போகும், அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக.

அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்மணியிடம் அந்த இரவைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கச் சொன்னார். பத்து முறை எழுவதற்குள் மூச்சு வாங்கியது. "தூக்குவது முதுகின் வேலையல்ல, காலின் வேலை. உங்கள் கால்களில் ஒன்றுமில்லை" என்றார். பிறகு சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கவைத்து, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய்த் திரும்பச் சொன்னார். அவ்வளவுதான். என் தேகப்பயிற்சி அன்று தொடங்கியது. நாற்காலியும் சுவருமே உபகரணம்.

இதைச் சொன்னால் நம் நண்பர்கள் சிரிக்கிறார்கள். காமா பயில்வான் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தார் என்று கதை சொல்பவர்கள் அவர்கள். 1910இல் லண்டன் சென்று உலக மல்லர்களை அறைகூவியவரின் கணக்கு வேறு, கணக்குப் பிரிவுக்காரனின் கணக்கு வேறு. ஆனால் தத்துவம் ஒன்றே. இரும்பு வேண்டாம், உங்கள் உடலே எடை. அதில் எவ்வளவை எந்த நேரத்தில் தூக்குகிறீர்கள் என்பதே சூட்சுமம்.

தரையில் தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளின் மேல் விழுகிறது. 71 கிலோ ஆசாமிக்கு அது 47 கிலோ. முழங்காலை ஊன்றிக்கொண்டால் பாதிக்குச் சற்று மேல். சமையல் மேடையில் கையூன்றிச் சாய்ந்தால் இன்னும் குறைவு. சுவரில் என்றால் மிகச் சொற்பம். ஆக, சுவர், மேடை, மாடிப்படி, தரை என்று கை ஊன்றும் இடத்தை இறக்க இறக்கச் சுமை ஏறுகிறது. ஜிம்மில் தட்டுகளை மாட்டி எடையைக் கூட்டுகிறார்களே, அதே காரியம்தான். பஸ்கிக்கும் அப்படியே. முதலில் நாற்காலி உயரம், பிறகு முக்காலி, பிறகு மணை, கடைசியில் முழுதாகக் குந்தி எழுவது. முழங்கால் வலி உள்ளவர்கள் வலிக்காத ஆழத்தோடு நின்றுவிட வேண்டும்.

இடையில் ஒரு வார்த்தை. தண்டாலை இங்கே மராட்டியில் ஜோர் என்பார்கள், பஸ்கியை பைடக் என்பார்கள். பழைய பேட்டைகளில் உள்ள தாலீம்களில் கற்றுக்கொடுக்கும் ஆசானுக்கு வஸ்தாத் என்று பெயர். நம் ஊர் வஸ்தாது அவருக்குச் சொந்தக்காரர்தான்! மராட்டியில் 'பஸ்' என்றால் உட்கார் என்று பொருள். நம் பஸ்கிக்கும் அதற்கும் உறவு இருக்குமோ என்பது என் ஊகம். தஞ்சையை ஆண்ட மராட்டியர் சாம்பாரோடு இதையும் விட்டுச் சென்றார்களோ என்னவோ, அறிந்தவர்கள் எழுதலாம். சூரிய நமஸ்காரத்தைத் தேகப்பயிற்சியாகப் பரப்பியவர் இந்தப் பக்கத்து ஔந்த் சமஸ்தான ராஜாதான். நம் புனேயின் ஔந்த் அல்ல, சாத்தாரா மாவட்டத்து ஔந்த்.

நிற்க. முதல் ஆறு வாரங்களில் எனக்கு ஏற்பட்ட அனுபவம் விசித்திரமானது. கண்ணாடியில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் சுவரில் எட்டுக்கே தவித்தவன் இருபது எடுத்தேன். காரணத்தைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் வளர்வது தசையல்ல, நரம்பின் சாமர்த்தியம். இருக்கிற தசை நார்களில் பலவற்றை மூளை எழுப்பாமலே வைத்திருக்கிறது. பயிற்சியில் அவற்றைக் கூட்டாக எழுப்பக் கற்றுக்கொள்கிறது. தசை பெருத்துக் கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். பெரும்பாலோர் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்து, ஐந்தாம் வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நான் கண்ணாடியை விட்டுவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கினேன். தேதி, எத்தனை, எந்த உயரம், இவ்வளவுதான் எழுதுவது. கணக்குப் பிரிவுக்காரனுக்கு அது ஒன்றுதான் கைவந்த கலை.

அதே ஆண்டு நவம்பரில் ஓர் இரவு, மூன்று மணி இருக்கும், அம்மா கூப்பிட்டார். மனைவியை எழுப்பவில்லை. அம்மாவின் கைகளை என் கழுத்தைச் சுற்றிப் போடச் சொல்லி, முதுகை வளைக்காமல் தாழ உட்கார்ந்து, கால்களால் எழுந்தேன். வந்துவிட்டார்! நாற்காலியில் உட்கார்ந்ததும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் தோளை இரண்டு தட்டுத் தட்டினார். நோட்டுப் புத்தகத்தில் அன்றைய தேதிக்கு நேரே "41 கிலோ, 1" என்று எழுதியிருக்கிறேன்.

அதன் பிறகு தலைக்கனம் வந்தது. ஒரு தாலீமை வேடிக்கை பார்க்கப் போய், அங்கே பையன்கள் நெஞ்சு தரையை உரச எடுப்பதைப் பார்த்து, மறுநாளே வீட்டில் மேடையையும் படியையும் தாண்டி நேரே தரைக்கு இறங்கினேன். ஒரு வாரம் தினமும். வலது தோள் பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் சட்டை மாட்டுவதற்கே பிறர் உதவி. தசை சீக்கிரம் வலுக்கும். ஆனால் தசையை எலும்போடு கட்டும் நாண் மெதுவாகத்தான் வலுக்கும். மூன்றாம் நான்காம் மாதங்களில் 'நம்மால் முடியும்' என்று தோன்றும் நேரம்தான் ஆபத்தான நேரம். என் தோள் இதை எனக்குப் படிப்பித்தது. அந்த ஆறு வாரமும் பஸ்கியை மட்டும் விடவில்லை.

அதன் பிறகு எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. தசை பழுதுபார்த்துக்கொள்வது அந்த ஓய்வு நாளில்தான். இறங்கும்போது மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்குவது. இன்னும் இரண்டு எடுக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுவது. மூச்சை அடக்குவதே இல்லை. தம் கட்டினால் இரத்த அழுத்தம் ஏறும். ஒரே உயரத்தில் பதினைந்து வீதம் மூன்று தடவை சுலபமாக வந்தால்தான் அடுத்த படிக்கு இறங்குவது. தள்ளும் பயிற்சி மட்டும் போதாது, இழுப்பதும் வேண்டும் என்பதால் பூங்காவில் உள்ள கம்பியில் தொங்கப் பழகினேன். முதலில் பத்து விநாடி தொங்குவதே பெரும்பாடு. மொத்தத்தில் ஒரு நாளைக்கு 25 நிமிடம் ஆகும்.

2017 ஏப்ரலில் முறையாகத் தரையில் மூன்று தண்டால். ஆகஸ்டில் பதினைந்து. இரண்டு ஆண்டு முடிவில் இடுப்புச் சுற்றளவு 96 சென்டிமீட்டரிலிருந்து 88. எடையோ 71இலிருந்து 69 கிலோதான். எடையை மட்டும் பார்த்திருந்தால் வெறுத்துப்போயிருப்பேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள். நான் எந்தப் பொடியும் வாங்கவில்லை. நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். எனக்கு 58 கிராம் சுமார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தால் நாற்பதைத் தாண்டவில்லை. மூன்று கரண்டி சாதத்துக்கு ஒரு கரண்டி சாம்பார், அதிலும் பருப்பு எங்கே என்று தேட வேண்டும். சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்தோம். மாலையில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், இரவில் கெட்டித் தயிர், முட்டை சாப்பிடும் எனக்குக் காலையில் இரண்டு முட்டை. இதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை.

2018 பிப்ரவரியில் அம்மா காலமானார். கடைசி வரை இரவில் நான்தான் தூக்கினேன். காரியங்கள் முடிந்து குடியாத்தத்திலிருந்து திரும்பினேன். நோட்டுப் புத்தகத்தை எடுக்க மனம் வரவில்லை. யாருக்காகச் செய்வது என்று தோன்றியது. ஐந்து மாதம் அப்படியே போயிற்று. அந்த ஆண்டு ஜூலையில் உறவினர்களை அழைத்துக்கொண்டு பர்வதி குன்றுக்குப் போனேன். 103 படிகள். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா விழுவதற்கு முந்தின ஆண்டும் அதே இடத்தில்தான் உட்கார்ந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆகஸ்டில் மறுபடி சுவரிலிருந்து தொடங்கினேன். ஒரு நல்ல செய்தி: இழந்ததை மீட்க முதன்முறை ஆன காலத்தில் பாதிகூட ஆகவில்லை. ஒருமுறை வளர்ந்த தசை தன் பழைய நிலையை மறப்பதில்லை போலிருக்கிறது. ஒன்பது மாதத்தில் எட்டிய தரையை இம்முறை மூன்றே மாதத்தில் எட்டினேன். 2020 ஊரடங்கின்போது பூங்கா பூட்டிக் கிடந்தது, சுவரும் மாடிப்படியும் பூட்டப்படவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையில், வாரம் 150 நிமிட நடை போன்ற உழைப்போடு, குறைந்தது இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்றிருக்கிறது. நம் சங்க அன்பர்கள் காலையில் நடக்கிறார்கள், உண்மை. இரண்டாவதைத்தான் யாரும் செய்வதில்லை. மாமிகளும் அக்காமார்களும் இது ஆண்களுக்கு என்று நினைக்க வேண்டாம். விழுந்து எலும்பு முறித்துக்கொள்பவர்களில் பெண்களே அதிகம். காலில் வலுவிருந்தால் விழுவது குறையும். என் மனைவி நாற்காலிப் பயிற்சியை மூன்று ஆண்டாகச் செய்கிறார், முதுகுவலித் தைலம் வாங்கும் செலவு மிச்சம். இருதயக் கோளாறு, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். நடுவில் நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு அவரிடமே போக வேண்டும்.

ஞாயிறு காலை 6.30 மணிக்குச் சங்க மண்டபத்தில் சொல்லித் தருவதாகச் செயலாளரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். கட்டணம் இல்லை. ஒரு துண்டும் ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுவந்தால் போதும். மண்டபச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருப்பதால், கைகளை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு வரவேண்டும் என்பது செயலாளரின் கண்டிப்பான உத்தரவு.