செவிலிய உதவியாளர்கள்: அவர்கள் செய்வதும் செய்யாததும்

நீண்டகாலப் பராமரிப்புப் பிரிவில் நோயாளியைச் சேர்த்த முதல் வாரத்தில், உடனிருப்போர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “மாத்திரையைக் கொடுங்கள் என்றால், செவிலியரிடம் கேளுங்கள் என்கிறார் அந்த அம்மா. பிறகு அவர் எதற்காக இருக்கிறார்?” இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. எந்தப் பணி யாருக்கு உரியது என்பதை நாங்கள் முன்னதாகவே விளக்கியிருக்க வேண்டும்.

செவிலியர் என்பவர் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் பயின்று, மாநிலச் செவிலியர் மன்றத்தில் பதிவு பெற்றவர். செவிலிய உதவியாளர் குறுகிய காலப் பயிற்சி பெற்று, செவிலியரின் மேற்பார்வையில் பணிபுரிபவர். நீராட்டுதல், வாய் துலக்குதல், உடை மாற்றுதல், உணவூட்டுதல், மலசலம் அகற்றுதல், படுக்கையில் புரட்டிப் படுக்க வைத்தல் ஆகியவை அவருடைய பணிகள். எளிய வேலைகள் என்றே தோன்றும். ஆனால் மாதக்கணக்கில் படுத்திருப்பவரின் நலன் பல நாட்களில் மருந்தைக் காட்டிலும் இவற்றையே சார்ந்திருக்கிறது.

முதலில் புரட்டிப் படுக்க வைத்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் உறங்கும்போது நம்மை அறியாமலே புரண்டு படுக்கிறோம். பக்கவாதத்தால் அசைவிழந்தவரால் அது இயலாது. எலும்பு புடைத்திருக்கும் இடங்களில், குறிப்பாக முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகியவற்றில், உடலின் எடை இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடுகிறது. அங்கே தோல் சிவக்கிறது. விரலால் அழுத்தி எடுத்த பின்பும் அந்தச் சிவப்பு மாறாமல் நின்றால், படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கறுத்த மேனியில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. ஆகவே அவ்விடம் சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா என்று தொட்டும் பார்க்க வேண்டும். இதனால்தான் உதவியாளர்கள் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியை வேறு பக்கமாகப் படுக்க வைக்கிறார்கள். இழுத்தால் தோல் உராய்ந்து கிழியும் என்பதால், இருவர் சேர்ந்து விரிப்போடு தூக்கி நகர்த்துகிறார்கள். காற்று மெத்தை இருந்தால் புரட்ட வேண்டியதில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். மெத்தை துணைதான், அது இருந்தாலும் புரட்டத்தான் வேண்டும். சிவந்த இடத்தை எண்ணெய் விட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். அன்பினால் செய்வதுதான், ஆனால் அடியிலுள்ள திசு மேலும் நலிவடையும்.

எங்கள் பிரிவிலேயே நடந்த ஒன்றை இங்கே மறைக்காமல் கூறுகிறோம். முதியவர் ஒருவரின் மகள், “அப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தார், எழுப்பாதீர்கள்” என்று இரவில் கேட்டுக்கொண்டார். உதவியாளர் புதியவர், மறுத்துப் பேசத் தயங்கினார். அடுத்தடுத்து மூன்று இரவுகள் அவ்வாறே கழிந்தன. நான்காம் நாள் காலையில் நீராட்டும்போது முதுகின் அடியில் தோல் உரிந்திருந்தது. புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. அந்த மகளை நாங்கள் குறை கூறவில்லை. மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கும் துணிவை எங்கள் உதவியாளருக்கு நாங்கள்தான் அளித்திருக்க வேண்டும். இப்போது யாராவது தடுத்தால், உதவியாளர் உடனே பொறுப்புச் செவிலியரை அழைப்பது எங்கள் பிரிவின் விதி. அவர் அழைத்தால், உங்கள் மீது புகார் கூறுகிறார் என்று கருத வேண்டாம்.

உணவூட்டுவதிலும் இதே எச்சரிக்கை தேவை. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் திறன் குறைந்திருக்கும். தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் சிலருக்கு இருமல் வராது. பிறகு நுரையீரலில் சளிக்காய்ச்சல் காணும். ஆகவே நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்க, சிறு கரண்டியால், நல்ல பக்கத்துக் கன்னத்தில் ஊட்டுகிறார்கள். ஒரு வாய் இறங்கிய பின்பே அடுத்தது. உணவு முடிந்ததும் அரைமணி நேரம் படுக்க விடுவதில்லை. தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டுவதே இல்லை. “தாகம் என்கிறாரே, ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாதா?” என்று கேட்கும் மனத்தை நாங்கள் அறிவோம். எனினும் செவிலியரைக் கேட்காமல் எதுவும் கொடுக்க வேண்டாம். வீட்டிலிருந்து கொண்டுவந்த கஞ்சிக்கும் இது பொருந்தும்.

உதவியாளர் செய்யக் கூடாதவை சில உண்டு. மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, சலைன் சொட்டும் வேகத்தை மாற்றுவது, மூக்குவழிக் குழாயைச் செருகுவது இவை எதுவும் அவருடைய பணியல்ல. சர்க்கரை நோயாளியின் கால் நகத்தை வெட்டுவதையும் நாங்கள் அவரிடம் விடுவதில்லை. சிறு கீறல்கூட ஆறாத புண்ணாகலாம். நீங்கள் வற்புறுத்தினால் அவர் இரண்டு பக்கமும் தவிக்க நேரிடும்.

அவர் பார்த்துச் சொல்வதற்கும் மதிப்பு உண்டு. நாள்தோறும் நோயாளியின் உடலை முழுமையாகக் காண்பவர் அவர்தான். சிறுநீரின் நிறம் மாறியது, நேற்று பேசியவர் இன்று பதில் சொல்லவில்லை, காலையில் இட்லியைத் தொடவில்லை என்பன போன்ற செய்திகள் பெரும்பாலும் அவர் வழியாகவே மருத்துவரை எட்டுகின்றன.

பணம் கொடுப்பது பற்றியும் ஒரு சொல். டீச் செலவுக்கு என்று கையில் திணிக்க வேண்டாம். கொடுக்க இயலாத அடுத்த கட்டில் குடும்பம் அதைப் பார்த்து அஞ்சுகிறது. “ஏய்” என்று அழைப்பதையும் தவிர்க்கலாம். பெயர் தெரியாவிட்டால் அக்கா, தம்பி என்றாலே போதும்.

கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்குகிறது. எந்த நேரத்தில் எந்தப் பக்கமாகப் படுக்க வைத்தோம் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அதை நீங்கள் எடுத்துப் பார்க்கலாம். இடைவெளி தென்பட்டால் தயங்காமல் கேட்கலாம். நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்லும் எண்ணம் இருந்தால், அதற்குச் சில நாட்கள் முன்பே காலை நீராட்டும் வேளையில் வந்து உடன் நின்று பாருங்கள். வலுவிழந்த கையை முதலில் சட்டையில் நுழைப்பது, கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுப்பது, சிறுநீர்ப் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவது ஆகியவற்றை உதவியாளர் உங்கள் கையாலேயே செய்ய வைத்துக் கற்றுத் தருவார்.