காற்றும் வெயிலும் சந்தைக்கு வந்த கதை

ஸ்ரீவராகத்திலிருந்து திருநெல்வேலி மார்க்கமாக ஊர் செல்லும் நம் அன்பர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயை நன்கறிவர். இருபுறமும் மலைகள், இடைவெளியெங்கும் முப்பந்தல் காற்றாலைகள். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாயிலில் நெருக்கிப் புகுந்து விரைகிறது. வெறுங்காற்றும் ஒரு நாள் விலைபோகும் என நம் முன்னோர் எண்ணியிருக்கமாட்டார்கள்.

1986-ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சோதனையாகச் சில காற்றாலைகள் நிறுவப்பட்டன. இன்றோ தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் அதிகம். கேரளத்தின் பெருமையான இடுக்கி நிலையத்தின் திறன் 780 மெகாவாட் என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். ஆயினும் திறன் வேறு, விளைச்சல் வேறு. காற்று வீசினால்தான் விளைச்சல் உண்டு.

விளைச்சல் மட்டும் போதுமா? 2012-இல் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் நாள்தோறும் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு நிலவியது. அதே ஆண்டின் காற்றுக் காலத்தில், மின்சாரத்தைக் கொண்டுசெல்லப் போதிய கம்பித்தடம் இன்றிக் காற்றாலைகளை நிறுத்திவைக்கவும் நேர்ந்தது. வண்டி கிடைக்காத சரக்கு கொட்டகையில் தங்கும் என்பது ரயில்வேயில் பணிபுரியும் என் போன்றோர் கண்டதே. மின்சாரமோ கொட்டகையிலும் தங்காது. அந்தக் கணமே செலவாக வேண்டும்.

இக்குறையைத் தீர்ப்பதில் 2013 டிசம்பர் 31 ஒரு முக்கியமான நாள். அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் இயங்கத் தொடங்கி, தென்னாடு வடநாட்டுடன் ஒரே மின்தொகுப்பாக இணைந்தது. அதற்கு முன்பே, 2008-இல், மின்சாரத்தை வாங்கி விற்கும் சந்தை தோன்றியிருந்தது. அங்கே நாளைய மின்சாரத்துக்கு இன்றே விலை பேசப்படுகிறது. ஒரு நாள் பதினைந்து நிமிடங்கள் கொண்ட 96 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி விலை அமைகிறது.

2016-இல் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. 2025 தொடக்கத்தில் நாடு முழுவதன் சூரிய மின்திறன் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. வெயிலுக்கும் காற்றுக்கும் எரிபொருட் செலவில்லை. ஆகவே நண்பகலில் சந்தை விலை சரிகிறது. கதிரவன் மறைந்து வீடுகளில் விளக்கேற்றும் வேளையில் விலை ஏறுகிறது. கோடை இரவுகளில் சில சமயம் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்சவரம்பையே தொடுகிறது. மலிவான மின்சாரமும் நமது தேவையும் ஒரே நேரத்தில் சந்திப்பதில்லை. இன்றைய சிக்கல் இதுவே.

இதில் நமக்கென்ன என்று அன்பர்கள் கேட்கலாம். கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே வாங்குகிறது. மாலையில் வாங்கும் விலையின் சுமை இறுதியில் நம் கட்டணச் சீட்டில்தான் வந்து இறங்கும். மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவிடும் இல்லங்களுக்குப் பகலில் குறைவு, மாலையில் அதிகம் என்ற கட்டண முறை இங்கே ஏற்கெனவே வந்துவிட்டது. கிணற்று மோட்டார், சலவை இயந்திரம், இஸ்திரிப் பெட்டி, மாவரைக்கும் கிரைண்டர் ஆகியவற்றைப் பகலிலேயே இயக்கி முடிப்பது அத்தகைய இல்லங்களுக்கு நேரடிச் சிக்கனம். மற்றவர்களுக்கும் நல்ல பழக்கம்.

அரசுகள் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. நீர் காத்திருக்கும், காற்று காத்திராது. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் காற்று தரும் மின்சாரத்தைக் கேரளம் வாங்கிச் செலவிட்டால், அணைகளில் சேரும் நீரைச் சித்திரை மாதத்து இரவுகளுக்குச் சேமித்து வைக்கலாம். பகல் வெயிலைச் சேமிக்கும் பெரிய மின்கலங்களும் இப்போது நிறுவப்பட்டு வருகின்றன. ஒரு மாநிலத்தின் காற்றும் மறு மாநிலத்தின் நீரும் இவ்வாறு ஒன்றுக்கொன்று கைகொடுக்குமாயின், பிறந்த மண்ணையும் பிழைக்க வந்த மண்ணையும் ஒருங்கே நேசிக்கும் நம் போன்றோர்க்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.